காட்சியும் சாட்சியும்

காண்பது குற்றமாகுமா? கண் படைத்தவன் காணத்தானே செய்வான் என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆனால், கண் காண்பதும் கருத்துக் காண்பதும் ஒன்றல்ல. கண்முன் நடப்பதைக் கண்டு களித்துக் கலைந்து சென்றவனும் உண்டு, கண்டதை நெஞ்சிலே நிறுத்தி, "இது அறமா?" என்று கேட்டவனும் உண்டு. முன்னவனுக்கு அது காட்சி. பின்னவனோ அதற்குச் சாட்சி. இவ்விருவருள் நாம் யார் என்ற கேள்வியைக் காண்போர் நெஞ்சில் உரக்க எழுப்பும் நகரம் ரோமாபுரி.

ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் அந்நகருக்குச் செல்கின்றனர். கொலோசியம் என்னும் பேரரங்கின் எதிரே நின்று, அதற்கு முதுகைக் காட்டி, முகத்திலே முறுவலை வரவழைத்து, கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொள்கின்றனர். படத்திலே முகம் பெரிது. பின்னே நிற்கும் வரலாறு சிறிது. "நான் வந்தேன்" என்பதற்கு அந்தப் படம் சான்று. எங்கே வந்தோம் என்பதற்கு அதிலே விடை உண்டா?

அது என்ன இடம்? பேரரசன் வெஸ்பேசியன் தொடங்கி, அவன் மகன் டைட்டஸ் 80ஆம் ஆண்டில் திறந்துவைத்த அரங்கம். 70ஆம் ஆண்டில் ஜெருசலேம் நகரை எரித்து அள்ளி வந்த கொள்ளைப் பொருள் அதன் கற்களாக உயர்ந்தது. திறப்புவிழா நூறு நாள் நடந்தது. அந்நாட்களில் ஒன்பதாயிரம் விலங்குகள் கொல்லப்பட்டன என்று பண்டைய வரலாற்றாசிரியர் தியோ எழுதிவைத்தார். அங்கே வாளேந்தி மோதியோருள் மிகப் பலர் அடிமைகள், போரிலே பிடிபட்டோர், தண்டனை பெற்றோர்.

பார்வையாளர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். ஆட்சிமன்றத்தார்க்கு முன் வரிசை. ஏழைக்கும் பெண்ணுக்கும் அடிமைக்கும் உச்சிப் படிக்கட்டு! பிறப்பும் பொருளும் பார்த்து இருக்கை வகுத்த அந்தச் சமுதாயம், ஒன்றிலே மட்டும் ஒற்றுமை கண்டது: அடுத்தவன் சாவதைக் கண்டு ஆர்ப்பரிப்பதில்!

இங்கேதான் அறத்தின் கேள்வி பிறக்கிறது. களத்திலே வாள் வீசியவன் அடிமை. மறுக்கும் உரிமை அவனுக்கில்லை. படிக்கட்டிலே அமர்ந்த குடிமகனோ, விரும்பி வந்தவன். வீடு திரும்பி விருந்துண்டவன். அவன் கையிலே குருதி இல்லை. ஆயினும், அவன் கைதட்டல் இல்லையேல் அந்தக் களம் நடந்திருக்குமா? மன்னனின் பொன் அரங்கைக் கட்டியது. மக்களின் கைதட்டலே அதை நடத்தியது. கொலோசியம் எழுவதற்கு முன்பே மறைந்த செனெக்கா என்னும் அறிஞர், இத்தகைய காட்சிகளைக் கண்டு திரும்பும் மனிதன் முன்னிலும் கொடியவனாகிறான் என்பதைத் தம் கடிதமொன்றிலே எடுத்துரைத்தார். பார்ப்பதும் ஒரு செயல். செயலென்றால் அதற்குப் பொறுப்பும் உண்டு.

"அன்று எவனோ செய்ததற்கு இன்று நான் ஏன் வருந்த வேண்டும்? உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வாரம் உலகைக் காண வந்தேன், அதுவும் பிழையா?" என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி. ஒரு காலத்தில் ஐரோப்பியப் பிரபுக்களின் பிள்ளைகளே கல்விச் சுற்றுலாவாக ரோமுக்குச் சென்றனர். இன்று எழுத்தரும் தொழிலாளியும் செல்ல முடிகிறதென்றால், அது சமத்துவத்தின் வளர்ச்சி, வரவேற்கத்தக்கது. உழைத்தவனுக்கு உவகை உரிமை. படம் எடுப்பதும் பாவமன்று. அழுதுகொண்டே ஊர் சுற்றுங்கள் என்று எவரும் கூறவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: கண்ணோடு கருத்தையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கருத்தை வீட்டிலே விட்டுச் சென்றால் என்ன நேரும்? 2023ஆம் ஆண்டில் ஒரு பயணி, கொலோசியத்தின் சுவரிலே தன் பெயரையும் தன் காதலியின் பெயரையும் சாவியால் கீறினார். உலகமே சினந்தது. அக்கட்டடம் இத்தனை பழமையானது என்று தமக்குத் தெரியாது என்றார் அவர். கல்லைக் கீறியது குற்றமே, ஐயமில்லை. ஆனால், அவர் தம் பெயரைக் கல்லின்மேல் எழுதினார். ஏதும் அறியாமல் படமெடுத்துத் திரும்புவோர் தம் முகத்தை வரலாற்றின்மேல் எழுதுகின்றனர். சட்டத்தின் முன் இரண்டும் ஒன்றல்ல. அறியாமை மட்டும் ஒன்றுதானே!

அதே நகரிலே, கம்போ தே ஃபியோரி என்றொரு சதுக்கம். விண்மீன்கள் ஒவ்வொன்றும் ஒரு ஞாயிறு. அவற்றைச் சுற்றியும் உலகங்கள் உண்டு. அண்டம் எல்லையற்றது என்று எண்ணத் துணிந்த ஜியோர்டானோ புரூனோவை, 1600ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், மத விசாரணை மன்றத்தின் தீர்ப்புப்படி அங்கேதான் உயிரோடு எரித்தனர். அந்தக் கொடுமையும் ஊரறியப் பொதுவிடத்திலே நடந்தது. ஆனால் 1889இல், மதபீடத்தின் எதிர்ப்பையும் மீறி, அதே இடத்திலே புரூனோவுக்குச் சிலை எழுந்தது. தண்டனையைக் காட்சியாக்கிய சதுக்கம், தண்டித்தவர்க்கு எதிரான சாட்சியாக மாறிற்று. நெருப்பு ஒரு நாளிலே அணைந்தது; சிலை நின்றுகொண்டே இருக்கிறது.

கொலோசியமும் மாறியதுண்டு. 1999ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய இயக்கமொன்றின் பயனாக, உலகில் எங்கேனும் ஒரு மரண தண்டனை நீக்கப்பட்டால் அவ்வரங்கிலே பொன்னொளி ஏற்றும் வழக்கம் பிறந்தது. சாவுக்குக் கைதட்டிய கற்கள் உயிருக்கு விளக்கேந்தின! கல் மாறவில்லை, காண்பவரின் கருத்து மாறிற்று.

இது ரோமாபுரிக்கு மட்டும் உரிய பாடமா? தெருவிலே ஒருவனைப் பலர் அடிக்கும்போது, தடுக்காமல் படமெடுத்துச் சுவைப்பவன் கையிலே இருப்பதும் ஒரு சிறு கொலோசியமே. அதே படத்தை நீதிமன்றத்திலே கொண்டு நிறுத்துபவன் கையிலோ, அது அறத்தின் சாட்சி. கருவி ஒன்றுதான், நெஞ்சம்தான் வேறு.

ஆகவே, செல்லுங்கள்; காணுங்கள்; களியுங்கள்; படமும் எடுங்கள். ஆனால், எந்த மாளிகையின் முன்னும், எந்தக் கோபுரத்தின் முன்னும், எந்த வெற்றித் தூணின் முன்னும் கருவியை உயர்த்துமுன் கேளுங்கள்: இதைக் கட்டிய கை யாருடையது? இதற்குக் கொடுத்த விலை யாருடையது? இங்கே வீழ்ந்த உயிர் யாருடையது? இக்கேள்விகளோடு எடுத்த படம் சாட்சி. இவையின்றி எடுத்த படம் ஆயிரமாயினும், வெறும் காட்சி.