கருப்பர் மேல் போட்ட பழி

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கத் தெரிந்தவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அது சிவந்திருந்தால் மட்டும் போதாது. கண் குழி விழாமல் பளபளக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை எழும்புகிறதா என்றும் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். ஒரே அடையாளத்தை நம்பி முடிவுக்கு வரக்கூடாது என்ற இந்த எச்சரிக்கை நம் மரபில் தத்துவமாகவே வளர்ந்திருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் காட்சி, கருத்து (அதாவது அனுமானம்) என்ற இரண்டு அளவைகளைச் சொல்லும் பௌத்தத் துறவி அறவண அடிகள், அனுமானம் எங்கெல்லாம் பிசகும் என்பதைத்தான் நீள விரித்துரைக்கிறார். துப்பறியும் தொடர் ஒன்று நிலைத்து நிற்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். குற்றவாளி யார் என்பதோடு நில்லாமல், நம்முடைய அனுமானம் எதனால் பிசகியது என்றும் அது காட்ட வேண்டும்.

1990களில் சன் டிவியில் வந்த ‘மர்ம தேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ அப்படிப்பட்டது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கியது. ஊரில் தப்பு செய்கிறவர்கள் சாகிறார்கள். காவல் தெய்வமான கருப்பு தண்டித்தது என்கிறது ஊர். டாக்டர் ரீனா அதை ஏற்காமல் தேடுகிறாள். கடைசியில் அகப்படுவது, தன்னையே கருப்பாகக் கருதிக்கொண்ட ராஜேந்திரன் என்பவனின் பிளவுபட்ட மனம். ‘கெட்டவன் செத்தான், ஆகவே சாமிதான் கொன்றது’ என்ற ஊரின் அனுமானத்துக்குள் ஓர் ஆசை ஒளிந்திருக்கிறது: கெட்டவன் சாக வேண்டும். பார்க்கிற நமக்கும் அந்த ஆசை இருந்தது. முடிச்சு அவிழும்போது அந்த ஆசையும் விசாரணைக்கு வந்துவிடுகிறது.

சிறுவயது நினைவுதான் இதைப் பெரிதாக்குகிறது என்பார்கள். அதே காலத்தில் வந்த எத்தனையோ தொடர்கள் மறந்துபோயின; இதையோ முடிவு தெரிந்தவர்களும் திரும்பப் பார்க்கிறார்கள். முடிவு தெரிவது ஒரு குறையே அல்ல: 1971இல் தொடராகத் தொடங்கிய அமெரிக்காவின் துப்பறியும் கதை ‘கொலம்போ’ கொலையாளியை ஆரம்பத்திலேயே காட்டிவிடும். அப்படியும் அதன் சுவை குறையவில்லை.

சாமியை மனநோயாக்கிவிட்டார்களே என்ற வருத்தம் சிறுவயது நினைவு என்ற வாதத்தைவிடக் கனமானது. ஆனால் துப்பறிதல் தொட்டது மனிதக் கையை மட்டுமே. கருப்பர் உண்டா இல்லையா என்பது அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் முன் சத்தியம் செய்து வழக்கைத் தீர்ப்பது நெடுநாள் வழக்கம். பொய் சொல்ல அஞ்சும் இடம் அது. உண்மையைப் பேசவைக்கும் சாமிக்கு, உண்மையைத் தேடும் ரீனா எப்படி எதிரியாவாள்? விசாரிக்காமல் அவர் தலையில் கொலைகளைக் கட்டியவர்கள்தான் அவரைச் சிறுமைப்படுத்தினார்கள்.