திரும்பி வருகிறவன்

தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வில்லனைக் கொல்லாமல் சிறையில் போட்டு வைத்தால் போதும்; வேண்டும்போது கதவைத் திறந்துவிட்டுக் கொள்ளலாம். நானும் இந்தத் தொழிலைச் செய்கிறவன்தான். நல்ல வில்லன் ஒருவன் அகப்பட்டால் அவனை ஒரே கதையில் செலவழித்துவிட எந்த எழுத்தாளனுக்கும் மனம் வராது.

ஆனால், அப்படித் திரும்பத் திரும்ப வரவழைக்கப்படுகிறவன் ஒரு நாள், "நான் மாறிவிட்டேன்" என்று சொன்னால்? நாம் அவனை நம்ப வேண்டுமா? குழந்தைகளுக்கென்று எடுத்த ஓர் அமெரிக்கச் சித்திரத் தொடர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது.

1992-ல் தொடங்கிய 'பேட்மேன்' சித்திரத் தொடரில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்று ஒரு பாத்திரம். 1959-ல் சித்திரக்கதைப் புத்தகத்தில் முதன்முதலாகத் தோன்றியபோது அவன் பெயர் மிஸ்டர் ஜீரோ; உறைய வைக்கும் துப்பாக்கியோடு வைரம் திருட வந்த சாதாரணக் கள்வன். பால் டினி என்ற எழுத்தாளர்தாம் தொலைக்காட்சிக்காக அவனுக்கு ஒரு துக்கத்தைக் கொடுத்தார்.

விக்டர் ஃப்ரைஸ் ஒரு விஞ்ஞானி. தீராத நோயில் விழுந்த மனைவி நோராவை, மருந்து கிடைக்கும் நாள் வரை உறைநிலையில் வைத்துக் காத்து வருகிறான். பணம் விரயமாகிறதென்று கம்பெனி முதலாளி ஆராய்ச்சியை நிறுத்துகிறான். அப்போது நேர்ந்த கைகலப்பில் ரசாயனங்களுக்குள் தள்ளப்பட்ட விக்டரின் உடம்பு, கடுங்குளிரில் மட்டுமே உயிர் தரித்திருக்கும் உடம்பாகிவிடுகிறது. கவசத்துக்குள் அடைபட்டவன் பழி வாங்கப் புறப்படுகிறான். அந்த முதலாளிக்கோ ஊரார் மனிதாபிமானி என்று விருது கொடுக்கிறார்கள்!

இதைப் பார்க்கும் எவருக்கும் நெஞ்சு யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதே கதையில் ஒரு சிறு காட்சி வருகிறது. விக்டரின் துப்பாக்கியால் அவனுடைய கூலியாள் ஒருவனின் கால்கள் உறைந்து போகின்றன. விக்டர் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அவனைத் தூக்கிச் சென்று காப்பாற்றுகிறவன் பேட்மேன். தனக்கு நேர்ந்த அநீதிக்காக அழுகிறவன், அதே அநீதியை இன்னொருவனுக்குச் செய்ய ஒரு கணங்கூடத் தயங்கவில்லை. துக்கம் மனிதனைப் புரிந்துகொள்ள உதவும்; அவன் கணக்கை நேர் செய்துவிடாது.

பிறகு அவன் திரும்பி வருகிறான். 1994-ல் ஒரு முறை, 1997-ல் ஒரு முறை. 1998-ல் வந்த முழுநீளப் படத்தில், மனைவியைப் பிழைக்க வைக்க உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் உறுப்பையே எடுத்துவிடத் துணிகிறான். ஒவ்வொரு வருகையிலும் காதலின் பங்கு குறைந்து, கொடுமையின் பங்கு கூடுகிறது. 'பழைய குருடி, கதவைத் திறடி' என்று நாம் சலித்துக் கொள்கிறோம். சலித்துக் கொண்டே அடுத்த வருகைக்குக் காத்தும் இருக்கிறோம்!

1999-ல் வந்த 'பேட்மேன் பியாண்ட்' தொடரில் பல்லாண்டுகள் கழிந்துவிடுகின்றன. பழைய பேட்மேன் புரூஸ் வெய்ன் கிழவனாகிவிட்டான்; அவன் வேஷத்தைத் தரித்திருப்பவன் டெர்ரி என்ற இளைஞன். தலை மட்டுமே மிஞ்சிக் கிடந்த விக்டருக்கு, விஞ்ஞானம் ஒரு புதிய உடம்பைக் கொடுக்கிறது. அவன் செய்த முதல் காரியம், தன்னால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ மனைவியின் பெயரால் ஓர் அறநிலையம் நிறுவியது. டெர்ரி அவனை மெல்ல நம்பத் தலைப்படுகிறான். கிழவன் நம்ப மறுக்கிறான்.

யார் சொல்வது சரி? கிழவன் ஈவிரக்கமற்றவன் அல்லன். எத்தனையோ முறை பார்த்துவிட்டவன். அவன் அவநம்பிக்கை அனுபவத்தின் கூலி. உறவை இழந்தவர்களோ மன்னிக்க மறுக்கச் சகல உரிமையும் உடையவர்கள். 'அவன் திருந்திவிட்டான், நீங்களும் மறந்துவிடுங்கள்' என்று அவர்களிடம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

ஆனால், நம்புவது வேறு, மன்னிப்பது வேறு. மன்னிப்பு, நேற்று நடந்ததைப் பற்றியது. நொந்தவன் மட்டுமே கொடுக்கக் கூடியது. நம்பிக்கை, நாளை நடக்கப் போவதைப் பற்றியது. அதை யாரும் கொடுக்கலாம். யாருமே கொடுக்காவிட்டால், திருந்த நினைப்பவன் எங்கே போய்த் திருந்துவான்?

கதையில் அந்தப் புதிய உடம்பு கெடத் தொடங்குகிறது. அதைக் கொடுத்தவர்களுக்கு அவன் ஒரு சோதனைப் பிராணிதான். ஒரு பணக்காரனுக்கு அதே சிகிச்சை பலிக்குமா என்று பார்க்கத்தான் அவனை முதலில் கிடத்தினார்கள். இப்போது அவனை அறுத்துப் பார்க்கவும் ஆயத்தமாகிறார்கள். தப்பித்தவன் பழைய கவசத்தை மாட்டிக்கொண்டு பழி தீர்க்கப் புறப்படுகிறான். இடிந்து விழும் கட்டடத்திலிருந்து வெளியே வந்துவிடும்படி டெர்ரி கெஞ்சுகிறான். தன்னைப் பற்றிக் கவலைப்பட்டவன் நீ ஒருவன்தான் என்று சொல்லிவிட்டு, விக்டர் அங்கேயே முடிந்து போகிறான்.

கிழவன் சொன்னதுதானே பலித்தது என்று வாசகர்கள் கேட்கலாம். பலித்தது உண்மை. ஆனால் நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பதற்கு இது அத்தாட்சியாகிவிடுமா? அவன் தானாக வளையவில்லை, வளைத்தார்கள். அவன் தவறு அதனால் இல்லையென்று ஆகிவிடாது. கவசத்தை எடுத்து மாட்டிய கை அவனுடையதுதான். என்றாலும் அவன் திரும்பி வருவதில் ஆதாயம் உள்ளவர்களும் உலகத்தில் இருந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு, 'அவன் குணம் அப்படி' என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

டெர்ரியின் நம்பிக்கை வீணாயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவன் அல்லன். காவலும் காத்தான், விக்டர் தவறியபோது எதிர்த்தும் நின்றான். கதவுக்குக் காவல் வைப்பது விவேகம். ஒருவன் வரும் முன்பே கதவைச் சுவராக்கிவிடுவது விவேகமல்ல. அது நம் சோம்பல். ஒருவனைப் பற்றி இனிமேல் யோசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிக்காகத்தான் அநேகமாக நாம் அவனைக் கெட்டவன் என்று முடிவு செய்கிறோம்.