முதலில் வந்தவருக்கா, இன்று வணங்குபவருக்கா?

புனே பாதையில் லோணாவ்ளாவுக்கு அடுத்த ஸ்டேஷன் மளவ்லி. அதற்கு ஒரு பக்கத்து மலையில் கார்லா குகைகள், எதிர்ப்பக்கம் அதைவிடப் பழைய பாஜா குகைகள், அவற்றுக்கு மேலே லோஹகட், விசாபூர் கோட்டைகள். கார்லாவின் படிகளை ஏறி முடிக்கிற இடத்தில் ஒரு பழைய வழக்கு நிற்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் குடைந்த பௌத்த வழிபாட்டு மண்டபமான சைத்தியத்தின் வாசலிலேயே ஏக்வீரா ஆயி கோயில். மும்பையின் கோலி மீனவர்களுக்கும் ஆக்ரி சமூகத்தாருக்கும் அவள் குலதெய்வம். வாசலில் இன்று ஒரு சிங்கத் தூண்தான் உண்டு; இணையான இன்னொன்று நின்றிருக்க வேண்டிய இடத்தில்தான் அவள் கோயில் எழுந்தது என்பது ஆய்வாளர் கருத்து. மும்பை காட்கோபரின் ரமாபாய் அம்பேத்கர் நகரில் வாழும் பௌத்தர்களுக்கோ கார்லா தங்கள் சமயத்தின் தாய்வீடு. அப்படியானால் அந்த மலை யாருடையது?

முதலில் வந்தவருடையது என்பது எளிய பதில். ஆனால் அதைக் கார்லாவின் கல்வெட்டுகளே சிக்கலாக்குகின்றன. சைத்தியத்தைக் கட்டியது ஒரு கை அல்ல. குடைவரையை நிறைவு செய்ததாகச் சொல்லிக்கொள்பவர் வைஜயந்தி நகரத்துச் செட்டி பூதபாலன்; அவரோடு வாசனைப் பொருள் வணிகர் ஒருவர், ஒரு தச்சர், ஒரு பிக்குணி, தேனுகாகடம் என்ற ஊரின் யவனர்கள் என்று ஆளுக்கொரு தூணோ கதவோ கைப்பிடிச் சுவரோ கொடுத்திருக்கிறார்கள். உள்ளே முதலில் வழிபட்டது ஸ்தூபியை மட்டுமே. முகப்பில் ஆண் பெண் இணைகளுக்கு நடுவே புத்தர் உருவங்கள் செதுக்கப்பட்டது சில நூற்றாண்டுகள் கழித்து. பௌத்தத்துக்குள்ளேயே முன்னவர் பின்னவர் உண்டு. புனிதம் தொடக்கத்தில் ஒருமுறை ஊற்றி மூடி வைத்த பொருள் அல்ல. தலைமுறைதோறும் யாரோ வந்து வணங்குவதால் அது நிலைக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த வாதம் பெரும்பான்மைக்குத்தான் வசதி, கூட்டம் உள்ளவன் இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிடுமே என்று ஒரு பௌத்தர் கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நம் நாகப்பட்டினமே சாட்சி. ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயை எழுதிவைத்தான். சைவப் பேரரசன் பௌத்தப் பள்ளியைத் தாங்கிய ஊர் அது. அங்கே எஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867-இல் அரசு அனுமதியோடு இடித்தார்கள். வணங்க ஆளில்லாத இடத்துக்கு வாதாடவும் ஆளில்லாமல் போனது. ஆகவே இன்று வணங்குபவருக்கு உரிமை உண்டு என்றால், அந்த உரிமை அங்கே இல்லாதவர்களுக்காகவும் காவல் நிற்கும் பொறுப்போடுதான் வருகிறது. அந்தப் பொறுப்பைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஆக்கிரமிப்பு.

சட்டம் போதாதா என்பார்கள். 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் வழிபாட்டிடத்தை அதன் இயல்புக்கு மாறாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் எது இயல்பு என்பதைச் சட்டத்தால் மட்டும் சொல்ல முடியாது. மராத்தியரின் சைத்ர மாதத்தில் ஏக்வீராவின் பல்லக்கு வரும்போது தேங்காயும் கோழியும் நேர்ந்துகொண்டு ஏறுகிறவளின் பக்தி குறைந்ததல்ல. ஸ்தூபிக்கு முன் பேசாமல் உட்கார விரும்புகிறவனின் உரிமையும் குறைந்ததல்ல. இரண்டுக்கும் அந்த மலையில் இடம் இருக்கிறது. ஒலிபெருக்கியைத் திருப்பிவைக்கவும், நெரிசலைச் சைத்திய வாசலிலிருந்து சற்று விலக்கவும் மனம் வேண்டும், அவ்வளவே.

ஆயியைக் கும்பிடப் போகிற அன்பர்களே, அப்படியே திரும்பிவிடாதீர்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போங்கள். சுமார் 45 மீட்டர் நீளமுள்ள அந்த மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள்: கல் கூரைக்கு அடியில் வளைந்து நிற்பவை தேக்கு மரச் சட்டங்கள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழையவை. சுவரில் பெயர் கீறாமல் வாருங்கள்.