எண்ணாது செய்த தீங்கு யாருடையது?

எண்ணமே வினை என்பது புத்தர் பெருமான் காட்டிய நெறி. அங்ஙனமாயின், யாரும் எண்ணாமலே விளையும் தீங்கிற்குப் பொறுப்பாளி யார்? இக்கேள்வி இன்று உலகத்தின் முன் நிற்கின்றது.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் கரியமில வாயு வானில் சேருகின்றது. தொழிற் புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. அதனால் புவி வெப்பமுறுகின்றது. கடல் மட்டம் உயருகின்றது. விளக்கேற்றியவரும் வண்டியோட்டியவரும் எவரையும் வருத்த நினைத்தாரல்லர். எனினும், தாழ்ந்த கரையில் குடிசையிட்டு வாழ்வோர் துன்புறுகின்றனர்.

இதனை அறிவியலார்க்கும் அரசியலார்க்கும் மட்டும் உரியதென விடாமல், அறத்தின் சிக்கலாக எடுத்துக்கொண்ட அமைப்புகள் பல. 1986-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு அசிசி நகரில், உலக இயற்கை நிதியத்தின் வெள்ளி விழாவின்போது, பௌத்தம், கிறித்தவம், இந்து சமயம், இசுலாம், யூதம் ஆகிய ஐந்து சமயத்தாரும் கூடி, இயற்கையைக் காக்கும் கடமையைத் தத்தம் நெறிநின்று உரைத்தனர். 2015-இல் பாரிசு மாநாட்டிற்கு முன்னர், போப் பிரான்சிஸ் சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார். இஸ்தான்புல் நகரில் இசுலாமிய அறிஞர்கள் அறிக்கை விடுத்தனர். தலாய் லாமா, திக் நாட் ஹான் முதலிய பௌத்தப் பெரியோரும் உலகத் தலைவர்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர்.

அறிக்கையால் வெப்பம் தணியுமோ என்பார் உளர். தணியாது. ஆனால் ‘அறியேன்’ என்னும் சாக்கை அது நீக்கிவிடுகின்றது. அறியாது செய்த பிழைக்கும், அறிந்தும் விடாது செய்யும் பிழைக்கும் வேற்றுமை உண்டன்றோ? அறிந்தபின் தொடர்வது எண்ணமே. ஆகவே அது வினையே. உலகத் திருச்சபைகள் மன்றம் 2014-இல், நிலக்கரி, எண்ணெய் போன்ற எரிபொருள் தொழில்களில் தன் பணத்தை முதலீடு செய்வதில்லை என முடிவு செய்தது. சொல் செயலாவதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இனி, பொறுப்பு அனைவர்க்கும் ஒரே அளவினதா? நெடுங்காலம் எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகளையும், இன்றும் விறகடுப்பை ஊதும் ஏழையையும் ஒரே தராசில் நிறுப்பது அறமன்று. பொறுப்பு பொதுவே, ஆயினும் அளவில் வேறுபட்டது என்பதை 1992-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்நீதியை நம் சோம்பலுக்குக் கேடயமாக்கலாகாது. பிறர் வெயிலில் உழைக்க, குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்போர் நம் நாட்டிலும் உளர். ஏழைகளின் தொகையைக் காட்டி அவர்கள் மறைந்துகொள்ளலாமோ?

நாமும் அவருள் சிலராகலாம். விளைந்த தீங்கில் நம் பங்கு இத்துணை என நிறுத்துக் காணல் அரிது. ஆனால் தேவைக்கு மேல் எரிப்பது எதுவென்பதை அவரவர் நெஞ்சு அறியும். அதனை விடுவதிலிருந்து தொடங்குவோமாக.