அரச சட்டவாதியின் கையெழுத்து

சட்டக் கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞருக்குச் சட்டமா அதிபர் திணைக்களம் ஒரு கவர்ச்சியான இடம். மாதம் முடியச் சம்பளம் நிச்சயம். வழக்குத் தேடி நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியதில்லை. நாளடைவில் மேல் நீதிமன்ற நீதிபதியாகும் வாய்ப்பும் உண்டு. ஆயினும் முற்போக்குச் சிந்தனையுள்ள மாணவன், அதிலும் ஒரு தமிழ் மாணவன், அரச சட்டவாதி பதவிக்கு விண்ணப்பம் எழுதும்போது அவன் பேனா தயங்குகிறது. "அடக்குமுறையின் கருவியாக நான் மாறலாமா?" என்று மனம் கேட்கிறது. இத்தயக்கத்தை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது.

தயக்கத்துக்குக் காரணம் நமது அண்மை வரலாற்றிலேயே இருக்கிறது. பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாகப் பயன்படுத்தலாகாது என்று அந்நியன் ஆண்ட காலத்திலேயே, 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது. 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்ற பெயரில் வந்து 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் இப்பாதுகாப்பை நீக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ அளித்த ஒப்புதல் சாட்சியமாயிற்று. அது பலவந்தத்தால் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை எதிரியின் தலையில் வைக்கப்பட்டது.

சிங்கராசா வழக்கை எடுத்துக்கொள்வோம். தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஓர் இளைஞரின் ஒப்புதல் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தத் தாளை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு 1995 இல் அவருக்கு ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இல் முடிவு கூறியது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அதனைச் செயற்படுத்த மறுத்தது. அந்தத் தாளை நீதிமன்றத்தில் முன்வைத்தவர் ஓர் அரச சட்டவாதியே.

அப்படியானால் அத்திணைக்களத்தை விட்டு விலகி நிற்பதே அறமா? அவ்வாறு முடிவு செய்யுமுன் இன்னொரு வழக்கையும் நினைக்க வேண்டும். 1996 செப்டெம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி, செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் மீளவில்லை. 1998 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அப்போது குற்றவாளிகளுள் ஒருவர் கூறிய செய்தியே செம்மணிப் புதைகுழிகளை வெளிப்படுத்தியது. 1999 இல் அங்கே பதினைந்து எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. இவ்வழக்கை நடத்தியதும் அதே திணைக்களந்தான். பணமுள்ளவன் தனக்கென வழக்கறிஞரை அமர்த்துவான். கொல்லப்பட்ட ஏழையின் பொருட்டு மேல் நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்கு அரச சட்டவாதியைத் தவிர வேறு யாருளர்?

ஆகவே நாற்காலி ஒன்றே. அதிலிருந்து அநீதியும் பிறக்கிறது, நீதியும் பிறக்கிறது. எதிரிக்காக வாதாடும் வழக்கறிஞருக்குத் தம் கட்சிக்காரரைக் காப்பது கடமை. அரச சட்டவாதிக்கோ வெற்றி தேடித் தரவேண்டிய கட்சிக்காரர் எவருமில்லை. உண்மையை நிலைநாட்டுவதே அவர் தொழில். எதிரிக்குச் சாதகமான சான்று கையிலிருந்தால் அதனை மறைக்க அவருக்கு உரிமையில்லை. அவருடைய பேரதிகாரம் வெளிப்படும் இடம் நீதிமன்ற மேடையன்று. கோப்புகள் குவிந்த மேசையே. குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதா, விடுவதா என்பதை எவரும் காணாத இடத்தில் ஒரு கையெழுத்து முடிவு செய்கிறது. அக்கையெழுத்துக்காக விளக்கமறியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்!

"நான் போகாவிட்டால் இன்னொருவன் போவான்" என்பது விடையாகாது. தூக்குக் கயிறு இழுப்பவனும் அதையே சொல்லலாம். எந்தத் தாளில் கையெழுத்திட மறுப்பேன் என்பதை விண்ணப்பிக்குமுன்பே மனத்தில் தீர்மானித்திருக்க வேண்டும். அடித்துப் பெற்ற ஒப்புதல் என்று நியாயமான ஐயம் எழுமிடத்து, அதனை முன்வைக்க மாட்டேன் என்று மேலதிகாரியிடம் சொல்லும் துணிவு வேண்டும். கடனும் சீதனமும் வீட்டுக் கனவுகளும் நமது நடுத்தர வர்க்கத்து இளைஞனை அரச சம்பளத்தோடு இறுகக் கட்டிவைத்திருக்கின்றன. வேலையை இழக்கவே முடியாதவனால் இவ்வேலையைச் செவ்வனே செய்ய முடியாது.

ஆனால் எல்லாப் பாரத்தையும் தனிமனிதனின் மனச்சாட்சி மீது சுமத்திவிட்டு நாம் ஓய்ந்திருக்கவும் கூடாது. கிருஷாந்தி வழக்கு நடைபெறுவதற்கு நீதிமன்றத்துக்கு வெளியே எழுந்த மக்கள் குரலும் காரணமாயிற்று. அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறுவதும், அரசுக்கெதிரான மனுக்களில் அதன் சார்பில் வாதாடுவதும், குற்றவாளிகள்மீது வழக்குத் தொடுப்பதும் ஒரே திணைக்களத்தின் கடமைகளாக இருக்கையில், அரசின் ஆட்களே குற்றம் புரியும்போது அங்குள்ள நேர்மையாளன் தனித்துப்போவான். வழக்குத் தொடுப்பதற்கென 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிப் பணிப்பாளர் பதவியொன்று உருவாக்கப்பட்டு, 1978 இல் ஒழிக்கப்பட்டது. ஆட்சியாளர் கைக்கு எட்டாத அத்தகைய அமைப்பொன்றைக் கோருவது சட்டம் படித்தோரின் வேலை மட்டுமன்று. ஆசிரியரும் மாணவரும் தொழிலாளரும் சேர்ந்து எழுப்பவேண்டிய கோரிக்கை அது.

தயங்கும் மாணவனுக்கு நாம் கூறுவது இதுவே: விண்ணப்பம் செய்யலாம். ஆனால் அந்தத் தயக்கத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போகாதே. ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது அது உன்னோடு இருக்கட்டும்.