எபிரேயமும் அரபுத்தமிழும்: ஒரு மொழி எழுச்சியின் கடன்

பேச்சு வழக்கொழிந்த ஒரு மொழியை அரசியலின் துணைகொண்டு மீண்டும் மக்கள் நாவில் ஏற்றுவது அறத்திற்கு உடன்பட்டதா என்னும் வினாவை எழுப்புவோர் எபிரேயத்தின் வரலாற்றைத் தவிர்க்க முடியாது. பல நூற்றாண்டுகளாக வழிபாட்டிலும் மறைநூற் கல்வியிலும் எழுத்திலும் மட்டுமே பெரிதும் வாழ்ந்துவந்த அம்மொழியை, 1881ஆம் ஆண்டு பாலஸ்தீனத்தில் குடியேறிய எலியேசர் பென் எகூதா தம் வீட்டு மொழியாக்கினார். மறு ஆண்டு பிறந்த மகனின் காதில் வேறெந்த மொழியும் விழாதபடி காத்தார். எனினும் ஒரு வீட்டின் பிடிவாதம் ஒரு மொழியை மீட்டுவிடாது. யூதர்களுக்கெனத் தனித் தாயகம் வேண்டி எழுந்த சியோனிய இயக்கமும், குடியேறியோர் நிறுவிய பள்ளிகளும், ஹைஃபாவில் தொடங்கவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியின் பயிற்றுமொழி ஜெர்மனாக இருத்தலாகாது என்று 1913இல் ஆசிரியரும் மாணவரும் நடத்திய போராட்டமும், ஆங்கிலத்தோடும் அரபு மொழியோடும் எபிரேயத்தையும் ஆட்சிமொழியாக ஏற்ற 1922ஆம் ஆண்டின் பிரித்தானிய ஆணையாட்சி ஆவணமும் சேர்ந்தே அதனை நிலைநிறுத்தின.

பல நாடுகளிலிருந்து பல மொழி பேசி வந்தவர்களுக்குப் பொதுமொழி ஒன்று தேவைப்பட்டது உண்மை. அத்தேவையைக் குறை கூறுதல் நேர்மையாகாது. ஆனால் அம்மக்களின் தாய்மார் பேசிய மொழிகளுள் பெரியது இத்திஷ், அதாவது ஜெர்மானிய மொழியடியில் தோன்றி எபிரேய எழுத்தில் எழுதப்பட்டு வந்த மொழி. அதனைப் புலம்பெயர் வாழ்வின் இழிவுச் சின்னமாகக் கருதிய இளைஞர்கள் 1923இல் டெல் அவீவில் மொழிக் காவலர் படை ஒன்றை அமைத்து, தெருவில் இத்திஷ் பேசியவர்களைக் கண்டித்தனர்; அம்மொழி நிகழ்ச்சிகளைக் குலைத்தனர். எபிரேயம் கற்ற ஆடவரின் மொழியாக இருந்த காலத்தில் பெண்களுக்கான சமய நூல்கள் இத்திஷிலேயே எழுதப்பட்டன என்பதை எண்ணும்போது, அந்த இகழ்ச்சி யார்மீது விழுந்தது என்பது விளங்கும். இஸ்ரேலிய நாடாளுமன்றம் இத்திஷ் பண்பாட்டைக் காக்கச் சட்டவழி அமைப்பொன்றை ஏற்படுத்தியது 1996இல்தான். அதற்குள் அங்கே அம்மொழியை வீட்டில் பேசுவோர் பெரிதும் குறைந்துவிட்டிருந்தனர்.

காவிரிப் படுகையின் தென்கோடியில், பாக் நீரிணையை நோக்கியிருக்கும் அதிராம்பட்டினத்திலிருந்து பார்க்கும்போது இது தொலைதூரத்துக் கதையன்று. அவ்வூர் முதல் கீழக்கரை, காயல்பட்டினம் வரையுள்ள கரையூர்களிலும் இலங்கையிலும் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள், அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறை ஒன்றை வளர்த்தனர். அரபுத்தமிழ் அல்லது அர்வி எனப்படுவது இதுவே. அரபு நெடுங்கணக்கில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளின்மேல் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துகள் படைக்கப்பட்டன. தமிழ் எழுத்தில் வேறுபடுத்திக் காட்டவியலாத அரபு ஒலிகளைத் திரிபின்றிக் காப்பதும் இம்முறையின் நோக்கம். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் முதலானோர் சட்டமும் சமயமும் இதில் எழுதினர். அவை கல்லச்சில் பரவின. குர்ஆன் ஓதக் கற்ற ஒரு பெண்ணால், பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காமலேயே, அதே எழுத்தைக்கொண்டு தன் தாய்மொழியைப் படிக்க முடிந்தது என்பதே இதன் மிகப் பெரிய பயன்.

அரபு எழுத்தில் எழுதியதால் இம்மக்கள் தமிழிலிருந்து விலகியிருந்தனர் என்று கருதுவது பெரும் பிழை. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று சமயத்தின் நடுவிடத்திலேயே தமிழ்ச் சொற்களை வைத்தவர்கள் அவர்கள்; சோற்றைச் சாதமாக்காமல், குழம்பை ஆணம் என்றும், காலையுணவு கொள்வதைப் பசியாறுதல் என்றும் வழங்கி வருபவர்கள். தூய்மையை எழுத்தின் வடிவத்தில் தேடுபவர் இதைக் காணாது போவர்.

1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் இதே கடற்கரையில், நாகப்பட்டினத்தில் பிறந்தவர். கட்டாய இந்தியை எதிர்த்து 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் பெரும்படையை முன்னின்று நடத்தியோருள் ஒருவர், அதிராம்பட்டினத்துக்கு அண்மையிலுள்ள பட்டுக்கோட்டையின் பெயரைத் தாங்கிய அழகிரிசாமி. இந்த எழுச்சி நியாயமானது. வலியவரின் மொழி எளியவரின் பள்ளிக்குள் ஆணையாக நுழைவதைத் தடுத்தது. அரபுத்தமிழை அது தடைசெய்யவுமில்லை; தெருவில் எவரையும் அதன்பொருட்டு இகழவுமில்லை. அச்சும் பொதுப்பள்ளியும் தமிழ் எழுத்தை எங்கும் கொண்டுசென்றன. சமுதாயத்தின் உள்ளிருந்தே, நாச்சியார்கோயிலைச் சேர்ந்த பா. தாவூத்ஷா போன்ற சீர்திருத்தவாதிகள் முஸ்லிம்கள் பிழையற்ற பொதுத் தமிழில் எழுத வேண்டும் என வற்புறுத்தினர். அதனால் விளைந்த நன்மை பெரிது: அண்டை வீட்டாரும் படிக்கக்கூடிய இலக்கியம் கிடைத்தது. ஆகவே இங்கு நேர்ந்த இழப்பு வன்முறையால் நேர்ந்ததன்று, கவனியாமையால் நேர்ந்தது.

கவனியாமை குற்றமாகுமா என்பதே கடினமான வினா. எவரும் தாக்காத ஒன்று அழிந்ததற்கு எவரும் பொறுப்பில்லை என்ற வாதம் எளிதில் ஏற்கத்தக்கதாகத் தோன்றும். ஆனால் தமிழின் பெயரால் ஆட்சியும் பாடத்திட்டமும் பல்கலைக்கழகமும் நிதியும் கைக்கு வந்தபின், தமிழ் எது என்பதை வரையறுக்கும் உரிமையும் கூடவே வந்தது. அந்த வரையறைக்குள் அரபு எழுத்தில் எழுதிய தமிழுக்கு ஓர் ஓரமே கிடைத்தது. அதிகாரம் இல்லாதவரின் மறதிக்கும் அதிகாரம் உள்ளவரின் மறதிக்கும் எடை ஒன்றாகாது. சமய வாழ்வுக்கு இனி அரபு மூலமோ பொதுத் தமிழோ போதும் என்று கருதிப் பாட்டிமார் ஓதிய ஏடுகளைக் கைவிட்ட சமுதாயத்திற்கும் இதில் பங்குண்டு.

இன்றைய பிள்ளைகள்மீது அரபுத்தமிழைக் கட்டாயமாக ஏற்றுவது, பென் எகூதா தம் மகனுக்குச் செய்ததை ஒத்த பிழையாகிவிடும். குழந்தை எவருடைய கொள்கைக்கும் கருவியன்று. அந்நூல்களைத் தேடித் தொகுத்தல், தமிழ் எழுத்தில் பெயர்த்தல், தமிழ் இலக்கிய வரலாற்றின் நடுப்பகுதியிலேயே அவற்றுக்கு இடமளித்தல் ஆகியவை எவரையும் கட்டாயப்படுத்தாமல் செய்யத்தக்கவை. அப்பெயர்ப்புக்கு இரண்டு எழுத்தும் கைவந்தவர் வேண்டும். அத்தகையோர் பெரும்பாலும் முதியவர்.