அடுத்த வீட்டு அவல்

(கிருஷ்ண ஜயந்தியை முன்னிட்டு நிகழ்ந்த மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்ரீஜயந்திக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. உங்களில் சில பேர் வீட்டில் அரிசி மாவு அரைத்து வந்தாகியிருக்கும். சில பேர் வீட்டில் உளுந்து வறுத்த வாசனை இன்னும் கூடத்தில் நிற்கும். அதனால் இன்றைக்குப் பெரிய வேதாந்த விசாரம் எதுவும் வேண்டாம். சீடையைப் பற்றியும் அவலைப் பற்றியும் பேசலாம் என்று இருக்கிறேன். அதைப் பேசினாலே பகவானைப் பற்றிப் பேசினதாகும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். கண்ணன் எந்த வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்தான்? நந்தகோபர் ஆயர்பாடிக்கே தலைவர். அவர் வீட்டில் பாலுக்கும் தயிருக்கும் என்ன குறை? யசோதை கடைந்து வைத்த வெண்ணெயே ஊருக்குப் போதும். ஆனாலும் அந்தக் குழந்தை கை நீட்டினது எல்லாம் அடுத்த வீட்டு உறியில்தான். இந்த வீட்டில் வெண்ணெய், அந்த வீட்டில் தயிர், எதிர் வீட்டில் காய்ச்சின பால். ஒரு தெருவே சேர்ந்து ஊட்டி வளர்த்த குழந்தை அவன்.

இதை நம் தமிழ்நாட்டில் மிக நன்றாகத் தெரிந்துகொண்டவர் பெரியாழ்வார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்குப் பூமாலை கட்டிக்கொடுத்த மகான். திருப்பல்லாண்டையும் சேர்த்து 473 பாசுரங்கள் பாடியிருக்கிறார். அதிலே ஒரு பதிகத்தில் அண்டை அயல் பெண்கள் யசோதையிடம் வந்து முறையிடுகிறார்கள். ஒருத்தி சொல்கிறாள்: லட்டும் சீடையும் எள்ளுருண்டையும் செய்து கலத்தில் போட்டு, நம் வீடுதானே என்று நம்பி வைத்துவிட்டுப் போனேன், உன் பிள்ளை உள்ளே புகுந்து ஒன்று விடாமல் காலி பண்ணிவிட்டான் என்று. கவனித்தீர்களா? சீடை! நீங்கள் நாளைக்கு உருட்டப் போகிற சீடை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்வார் பாட்டில் இருக்கிறது. அதுவும் அடுத்த வீட்டுக்காரி சுட்ட சீடையாக இருக்கிறது.

இன்னொருத்தி முறையீடு இதைவிட முக்கியம். அவள் திருவோண விரதம் இருக்கிறவள். செந்நெல் அரிசி, சிறுபருப்பு, வெல்லம், நெய், பால் எல்லாம் சேர்த்து 12 திருவோணத்துக்குச் சமைத்தாளாம். அத்தனையையும் இவன் விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று நிற்கிறானாம். யாருக்காக விரதம் இருந்தாளோ அவனே வந்து சாப்பிட்டிருக்கிறான். அவளுக்கு அது தெரியவில்லை. படையல் போய்விட்டதே என்று அழுகிறாள்.

தாய்மார்களுக்கு இதிலிருந்து ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் குழந்தை ஒரு தட்டையை எடுத்து வாயில் போட்டுவிட்டால், தயவுசெய்து அடிக்காதீர்கள். காத்திருக்கச் சொல்லிக் கொடுங்கள், அது நல்ல பழக்கம்தான், நம் பெரியவர்கள் வைத்த ஒழுங்கு. ஆனால் கண்ணன் பிறந்தநாள் அன்றைக்கு, பட்சணத்தைத் தொட்டதற்காக ஒரு குழந்தை அழக் கூடாது. வாசலிலிருந்து பூஜை அறைவரை மாக்கோலத்தில் சின்னச் சின்னப் பாதம் போடுகிறோமே, அந்தப் பாதம் யாருடைய அளவு? உங்கள் வீட்டுக் குழந்தையின் அளவுதானே!

சரி, சீடைக்கு வருவோம். சீடை சுடுகிற அம்மாக்களுக்கு எல்லாம் ஒரே பயம், வெடிக்குமே என்று. ஏன் வெடிக்கிறது? உள்ளே ஈரம் இருக்கிறது, வெளியே மேல்தோல் இறுகிவிடுகிறது. ஆவி போக வழியில்லை. எண்ணெயில் போட்டதும் தெறிக்கிறது. அதற்காகத்தான் மாவை வெறும் வாணலியில் வறுக்கச் சொன்னார்கள். எவ்வளவு வறுக்க வேண்டும்? இரண்டு விரலால் எடுத்துத் தரையில் கோலம் இழுத்தால் இழை அறாமல் வர வேண்டும், அதுதான் பதம். எட்டுப் பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு. இரண்டையும் நன்றாகச் சலித்து, தேங்காய்த் துருவல், எள், பெருங்காயம், உப்பு, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, உருட்டின சீடையை வெள்ளைத் துணியில் பரப்பி ஈரம் போக உலரவிட வேண்டும்.

உருட்டுகிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அழுத்தி, வழுவழுவென்று கோலிக்குண்டு மாதிரி உருட்டக் கூடாது. மேலே லேசாக விரிசல் இருக்க வேண்டும், அப்போதுதான் ஆவி வெளியே போகும். கைதேர்ந்த பெரியவர்கள் வேகமாக உருட்டும்போது கை தானாக அழுத்திவிடும். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அழுத்தத் தெரியாது. அது பாட்டுக்கு உருட்டும். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, ஒன்று கோணல், எல்லாவற்றிலும் விரிசல். என் பாட்டி முறத்துக்குப் பக்கத்தில் எங்களை வட்டமாக உட்கார்த்தி வைத்து உருட்டச் சொல்வாள். நாங்கள் உருட்டினதை ஒருநாளும் திருத்த மாட்டாள். "குழந்தை உருட்டின சீடை வெடிக்காதுடா" என்பாள். அது சும்மா கொஞ்சுகிற பேச்சு என்று நினைத்திருந்தேன். இல்லை, அது சமையலறை உண்மை. ஆகவே வேலை கெட்டுப்போகும் என்று பிள்ளைகளை அடுப்பங்கரைக்கு வெளியே துரத்தாதீர்கள். அடுப்புக்கும் எண்ணெய்க்கும் பக்கத்தில் மட்டும் விடாதீர்கள், அவ்வளவுதான். மாவு சலிக்க, எள் பொறுக்க, உருட்ட, துணியில் பரப்ப, இதற்கெல்லாம் அவர்கள் கை வேண்டும். ஆண்களும்தான். தேங்காய் துருவுவதற்கு யாரும் தனியாகப் பட்டம் வாங்கி வர வேண்டியதில்லை. ஒரு வீட்டில் ஒருத்தி மட்டும் விடியற்காலையிலிருந்து எண்ணெய்ப் புகையில் நின்று, மற்றவர்கள் எல்லாம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து சாப்பிட்டால், அந்தப் பண்டிகையில் அந்த ஒருத்திக்கு என்ன மிச்சம்? முதுகுவலிதான் மிச்சம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கண்ணன் கதை சொல்ல, மற்றவர்கள் உருட்டுகிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய சத்சங்கம் ஏது!

இனி குசேலர் கதைக்கு வருகிறேன். இன்று மனசில் இருக்கிறது இதுதான்.

பாகவதத்தில் பத்தாம் ஸ்கந்தம், 80, 81ஆம் அத்தியாயங்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை. சாந்தீபனி முனிவரிடம் சேர்ந்து படித்த இரண்டு பேர். ஒருவர் கண்ணன், துவாரகையில் ராஜாவுக்கு ராஜா. இன்னொருவர் குசேலர், கந்தலைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். மனைவி சொல்கிறாள், உங்கள் சிநேகிதரைப் போய்ப் பாருங்கள் என்று. இவர் சரி என்கிறார். எதையாவது கேட்டு வாங்குவதற்காக இல்லை, பார்த்தால் போதும் என்று. கையில் கொண்டுபோக ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.

வீட்டில் ஒன்றும் இல்லை. அந்த அம்மா என்ன செய்தாள்? இந்த இடத்தை நாம் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டாள். நான்கு பிடி அவல் கிடைத்தது. அதை ஒரு துணியில் முடிந்து கணவர் கையில் கொடுத்தாள். அந்தப் புண்ணியவதியின் பெயரைக்கூட பாகவதம் சொல்லவில்லை. அவல் கொடுத்தவர்கள் பெயரையும் சொல்லவில்லை. நாலு வீட்டிலா, இரண்டு வீட்டிலா, தெரியாது. அவர்களும் பெரிய செல்வர்களாக இருந்திருந்தால் பிடிக்கணக்கிலா கொடுத்திருப்பார்கள்?

அங்கே துவாரகையில் என்ன நடந்தது? இவர் கூச்சத்தில் முடிச்சை மறைக்கிறார். பகவான் தானே பிடுங்கி அவிழ்க்கிறான். இது என்னை மட்டுமில்லை, உலகம் முழுவதையும் திருப்தி செய்யும் என்கிறான். ஒரு பிடி எடுத்துப் போட்டுக்கொள்கிறான். இரண்டாவது பிடிக்குக் கை போகும்போது ருக்மிணிப் பிராட்டி கையைப் பிடித்துவிடுகிறாள். ஒரு பிடிக்கே சகல ஐசுவரியமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள், பகவான் சாப்பிட்டது யார் வீட்டு அவல்? குசேலர் வீட்டு அவலா? இல்லை அன்பர்களே, அடுத்த வீட்டு அவல்! கோகுலத்தில் குழந்தையாக இருந்தபோதும் அடுத்த வீட்டு வெண்ணெய். துவாரகையில் சக்கரவர்த்தி போல உட்கார்ந்திருக்கும்போதும் அடுத்த வீட்டு அவல். அண்டை வீட்டைக் கழித்துவிட்டுக் கண்ணனை மட்டும் தனியாகக் கும்பிட நமக்கு வழியே இல்லை. கீதையில் மூன்றாம் அத்தியாயத்தில் அவன் கடுமையாகவே சொல்லியிருக்கிறான், தனக்காக மட்டும் சமைக்கிறவன் பாவத்தைச் சாப்பிடுகிறான் என்று. கற்பூரம் காட்டினதோடு நைவேத்தியம் முடியவில்லை. தட்டு படி இறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போன பிறகுதான் முடிகிறது.

எந்த வீட்டுக்கு முதல் தட்டு? அதையும் நம் பெரியவர்கள் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் சாவு நடந்தால் அந்த வருஷம் அவர்கள் பண்டிகை கொண்டாட மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகள் பட்சணம் இல்லாமல் இருக்கக் கூடாது என்று, அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரர்களும் தூக்குத் தூக்காகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். துக்கத்தில் இருக்கிறவர்களை நீங்களும் கொண்டாடுங்கள் என்று யாரும் வற்புறுத்தவில்லை. உங்கள் பங்கை நாங்கள் சுட்டுவிட்டோம் என்று மட்டும் செய்கையால் சொன்னார்கள். இப்போது அடுக்குமாடியில் எதிர்க்கதவுக்குள் யார் இறந்தார் என்பதே நமக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிகிறது. ஆனாலும் துக்க வீட்டுக்குக் கொடுக்கிற இந்தப் பழக்கம் மட்டும் நம் கையை விட்டுப் போய்விடக் கூடாது. அந்த வீட்டுக்கு முதல் தட்டு போகட்டும். வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஓடி வராமல், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து வாருங்கள்.

அடுத்தது, வீட்டு வேலைக்கு வருகிற அம்மா. வாசலில் காவல் இருக்கிற பெரியவர். குப்பை எடுக்க வருகிறவர். மனசு பொறுக்காமல் ஒன்று சொல்கிறேன். உடைந்த முறுக்கையும் கருகின சீடையையும் பொறுக்கி இவர்களுக்கு என்று தனியாக ஒதுக்கி வைக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது வேண்டாம். பெருமாளுக்கு எந்தத் தட்டோ அதே தட்டிலிருந்து கொடுங்கள். உடைந்ததை நாம் சாப்பிடுவோம். மதுரையில் வந்திக் கிழவிக்காக மண் சுமக்க வந்த சொக்கநாதர் உதிர்ந்த புட்டைக் கூலியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திருவிளையாடல் 64இல் அதுவும் ஒன்று. இதே ஆவணி மாதம் மூலத்தன்றைக்கு இன்றும் சுவாமி புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகிறார். உதிர்ந்ததைத் தனக்கு என்று கேட்டவர் சுவாமி. நாம் அதை அடுத்தவர் தலையில் கட்டலாமா?

நம் பண்டிகை கொண்டாடாதவர்கள் வீடு? அங்கும் கொடுங்கள். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தானே போய் நிற்கிறார்கள்? கிறிஸ்துமஸுக்குக் கல்கலும் அதிரசமும் நம் வீட்டுக்கு வரவில்லையா? படைத்ததைச் சாப்பிட அவர்களுக்கு ஒப்பவில்லை என்று தெரிந்தால், படைப்பதற்கு முன்னாலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துக் கொடுங்கள். பகவான் கோபித்துக்கொள்ள மாட்டான். முறுக்குச் சாப்பிட முடியாத பல் போன தாத்தாவுக்கு ஊறின அவல், சர்க்கரை நோய் இருக்கிறவருக்கு வெல்லச் சீடை இல்லாமல் உப்புச் சீடை இரண்டே இரண்டு. இப்படி ஆளைப் பார்த்துக் கொடுப்பதுதான் கொடுப்பது.

போன வாரம் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்கள். "எனக்கு முட்டி வலி, வேலைக்கும் போகிறேன், கடையில் வாங்கிப் படைத்தால் தப்பா?" என்று. தப்பே இல்லை. முடியாதவர்களை முடக்குகிற பண்டிகை கண்ணனுடையது இல்லை. சீடையும் முறுக்கும் கடையில் வாங்குங்கள். ஆனால் ஒன்றே ஒன்று உங்கள் கையால் செய்யுங்கள். அதற்கு அடுப்புக்கூட வேண்டாம். கெட்டி அவலைக் களைந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் வையுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். பொடித்த வெல்லம், தேங்காய்த் துருவல், ஒரு சிட்டிகை ஏலக்காய். கலந்தால் முடிந்தது. நின்றுகொண்டு செய்ய வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். பேரன் வெல்லம் பொடிக்கட்டும், வீட்டுக்காரர் தேங்காய் துருவட்டும்.

அளவு கேட்டால், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பிடி எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே நாலு பிடி கூடப் போடுங்கள். யாருக்கு என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். சாயங்காலம் தீபாராதனை ஆனதும் கிண்ணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கூடவே நீங்களும் படி இறங்குங்கள்.